தலைப்பில் வராத வீட்டுச் செய்தி

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் செய்தியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு நடு இரவில் நீ பதறிப்போய் அழைத்தபோது தூக்கக் கலக்கத்தில் என்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. பகலில் அழைத்திருந்தாலும் இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்க முடியாது. இங்கே அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அங்கே குழந்தை உன் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்குவாள். ஆகவே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு வீட்டுச் செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் ஊர் உலகச் செய்தியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீட்டில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கவலைப்படும்படி ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ இதைப் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய்.

நீ பார்த்த வெள்ளம் உண்மை. ஆற்றங்கரையில் அந்த வீடு அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்ததும் உண்மை. ஆனால் அது நடந்த இடத்துக்கும் நாங்கள் படுத்திருந்த இடத்துக்கும் நடுவே ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம் இருக்கிறது. அங்கிருந்து வரைபடத்தில் பார்க்கும் உனக்கு இரண்டு இடமும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடுகின்றன. போதாததற்கு, மாலையில் தொடங்கிய அந்தக் காட்சியை இரவு வரை விடாமல் காட்டினார்கள். ஒரே வீடுதான், ஆனால் அன்று அது விழுந்த தடவைகளைக் கூட்டினால் ஒரு தெருவே அழிந்த கணக்கு வரும். ஏமாஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்கள்: ஒன்று எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று மதிப்பிட வேண்டி வரும்போது மனம் கணக்குப் பார்ப்பதில்லை, அப்படிப்பட்ட உதாரணம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்று பார்த்து, அதையே அளவாக வைத்துக்கொள்கிறது. விழுந்துகொண்டே இருந்த அந்த வீடு உனக்கு ஏன் நம் வீடாகத் தோன்றியது என்பது இதைப் படித்தால் விளங்கும். உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பயம்தான் அக்கறையின் வடிவம்.

நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், மாதம் முடிந்ததும் செய்தித்தாள்களை நாள்வாரியாக அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, சரடு கோத்து, கெட்டி அட்டை போட்டுத் தொகுதியாகக் கட்டி வைப்பது என் பொறுப்பில் இருந்தது. பள்ளி விடுமுறையில் நீயும் வந்து அந்தத் துளைகளில் நூல் கோத்திருக்கிறாய். தினம் ஒரு தாளாகப் படிக்கிறவருக்குத் தெரியாத ஒன்று, ஒரு மாதத்தை ஒரே மூச்சில் புரட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். முதல் பக்கத்தை முழு அகலத்துக்கு அடைத்துக்கொண்டு வந்த ஒரு விவகாரம் மறுநாள் பாதியாகச் சுருங்கும். அடுத்த நாள் உள்பக்கத்துக்குப் போகும். பிறகு ஒரு மூலையில் நான்கு வரியாக நிற்கும். அப்புறம் காணாமலே போய்விடும். அது கடைசியில் என்ன ஆயிற்று என்று எந்தத் தாளும் சொல்லாது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது முதல் பக்கத்தில் இருக்கும். அந்தக் குழு அறிக்கை கொடுத்ததா என்று தேடி வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுதிகளைப் புரட்டியதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பின்னாளில் எல்லாருடைய வாழ்க்கையையும் மாற்றிய பல விஷயங்கள் அந்தத் தொகுதிகளில் ஒரு நாள்கூடத் தலைப்பாக இருக்காது, ஏனென்றால் அவை குறிப்பிட்ட எந்த ஒரு நாளிலும் நடக்கவில்லை.

யோஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே என்ற நோர்வே ஆய்வாளர்கள் இருவர், காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய இடங்களில் நடந்த நெருக்கடிகளைத் தங்கள் நாட்டு நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எது செய்தியாகிறது, எது ஆவதில்லை என்பதற்கு அவர்கள் கொடுத்த காரணங்களில் முதலாவது, நிகழ்வு எடுத்துக்கொள்ளும் கால அளவு. நாளிதழ் நாளுக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது. ஆகவே ஒரு நாளுக்குள் தொடங்கி முடிகிற கொலையும் விபத்தும் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. அணை கட்டப்படுவது ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் யார் கண்ணிலும் படாது, அதன் திறப்பு விழா மட்டும் செய்தியாகும் என்று அவர்கள் சொன்ன உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹவாய் தீவில் மவுனா லோவா என்ற மலையின் மேல் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். சார்லஸ் டேவிட் கீலிங் என்பவர் தொடங்கி வைத்த அளவீடு அது. அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் அது உலகெங்கும் பெரிய தலைப்பாக வந்தது 2013 மே மாதத்தில், 400ஐத் தொட்ட சமயத்தில். 399க்கும் 400க்கும் நடுவே காற்றில் விசேஷமாக எதுவும் நடந்துவிடவில்லை. முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான். நல்ல விஷயங்களுக்கும் இதே கதிதான். ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் 1990இல் உலகில் சுமார் 1 கோடியே 28 லட்சம்; 2022இல் அது 49 லட்சமாகக் குறைந்திருக்கிறது என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு. 49 லட்சமும் நெஞ்சைப் பிசையும் எண்தான். ஆனாலும் பிழைத்த குழந்தைகளைப் பற்றி, இன்று இத்தனை பிள்ளைகள் சாகவில்லை என்று எந்தக் காலையிலும் யாரும் தலைப்புப் போட்டதில்லை.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், வீடும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வீட்டில் நடக்கிற பெரிய காரியங்கள் எல்லாம் அநேகமாக நாளுக்கு நாள் தெரியாமல் நடப்பவைதான். நீ வளர்ந்ததும் அப்படித்தான்; நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்திருக்காவிட்டால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது. வாரா வாரம் நீ ‘என்ன விசேஷம்?’ என்று கேட்கும்போது ‘ஒன்றும் இல்லை’ என்று நாங்கள் சொல்வது பொய்யல்ல. ஒரு வாரத்துக்குள் அடங்குகிற விசேஷம் எதுவும் இருப்பதில்லை.

இனி வீட்டுச் செய்திக்கு வருகிறேன். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பரிசோதனை செய்து, கருவி வாங்கிப் பொருத்தி, இப்போது பழகிக்கொண்டிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு சொல்வதற்காகக் கோபித்துக்கொள்ளாதே; பாதியில் சொல்லியிருந்தால் நீ விமானச் சீட்டுப் பார்க்கத் தொடங்கியிருப்பாய்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது தொலைக்காட்சிதான். ஒலியைக் கூட்டும்போது திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நீண்டு, அதன் நுனியில் ஓர் எண் தோன்றும் அல்லவா, அது நம் வீட்டில் நெடுங்காலம் 18இல் நின்றிருந்தது. பிறகு 20 ஆயிற்று, 23 ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் ரிமோட்டை அமுக்கியது ஒன்றோ இரண்டோ புள்ளிக்குத்தான். அடுத்த அறையில் இருக்கும் எனக்கும் அது பழகிப்போய்விடும். 32 வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் அழைப்பு மணியை அடித்து, ‘வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே?’ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மணி அடித்ததே அப்பாவுக்குக் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய குறையை இத்தனை நாள் மறைத்து வைத்ததும் அதே தொலைக்காட்சிதான். இரவு விவாதங்களில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது ‘என்ன சொல்கிறார்கள் என்றே கேட்கவில்லை’ என்று அவர் அலுத்துக்கொள்வார். எனக்கும்தான் கேட்கவில்லை, ஆகவே நான் ஆமோதிப்பேன். புதிதாக வந்த பெண் செய்தி வாசிப்பாளர் வார்த்தைகளை மென்று விழுங்குகிறார் என்று குறை சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணின் உச்சரிப்பு துல்லியமாகத்தான் இருந்தது, ஆனாலும் இவருக்கு யாரையும் சுலபத்தில் பிடிக்காது என்று விட்டுவிட்டேன். பிறகு படத்தைவிடக் கீழே ஓடும் வரியையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நாள் ஏதோ ஒரு தடையை நீக்கிவிட்டதாகச் செய்தி வாசித்தார்கள். இவர் அதைப் படையை நீக்கிவிட்டதாகக் கேட்டுக்கொண்டு, இந்தச் சமயத்தில் படையைக் குறைப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு வரலாற்று உதாரணங்களோடு ஒரு பிரசங்கமே செய்தார். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது.

காரணத்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் ஒரு குழலுக்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு எடுத்துச் செல்வது அவற்றின் வேலை. வயதாக ஆக அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. (பறவைகளுக்கு முளைக்கின்றனவாம். இதைக் கேட்டதிலிருந்து மாடிக் கைப்பிடியில் வந்து உட்காரும் காக்கையை அப்பா பொறாமையோடு பார்க்கிறார்.) குழலின் வாய்ப்புறத்தில் இருப்பவைதான் முதலில் போகின்றன, அவை உயர்ந்த சுருதி ஒலிகளுக்கு உரியவை. பேச்சில் சத்தத்தைச் சுமப்பது உயிரெழுத்து, பொருளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்யெழுத்து. அந்த மெய்யொலிகளில் பல உயர்ந்த சுருதியைச் சேர்ந்தவை. அதனால்தான் கடை, சடை, தடை, படை நான்கும் அவருக்கு ஒன்றாகக் கேட்டிருக்கின்றன. ‘காது கேட்கிறது, புரியவில்லை’ என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் முதலில் மங்குவதற்கும் இதுவே காரணம். உன் மகள் தொலைபேசியில் பேசினால் அவர் ‘ஆமாம், ஆமாம்’ என்று சிரித்துவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டுவாரே, அது அலட்சியம் என்று நீ ஒரு முறை வருத்தப்பட்டாய். அவருக்கு அந்தக் குரல் வார்த்தையாக வந்து சேரவில்லை.

முதலில் காதுக் குறும்பியை எடுத்துப் பார்த்தார்கள். அடைப்பு மட்டும்தான் என்றால் அதோடு சரியாகியிருக்கும். சிறிது தெளிந்தது, தீரவில்லை. பிறகு ஒலி புகாத சிறிய அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டியதில் ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அமுக்க வேண்டிய இடங்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி, அசையாமல் காத்திருந்தார். முடிவு ஒரு வரைபடமாக வந்தது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடுகளும் இடப்பக்கம் ஓரளவு சமமாகப் போய், சுருதியின் அளவு 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கீழே சரிகின்றன. நடுத்தரமான குறை என்று எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது 35 முதல் 50 டெசிபலுக்குள் அடங்குவது. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்று அதே நிறுவனம் 2021இல் வெளியிட்ட உலக அறிக்கை சொல்கிறது. அப்படியென்றால் இது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று யோசித்துப் பார். எந்த வீட்டிலும் ‘அண்மைச் செய்தி’ என்று சிவப்புப் பட்டை ஓடியிருக்காது.

விஷயம் உறவுக்காரர்களுக்குத் தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் வைத்தியங்கள் குவியத் தொடங்கின. காதுக்குள் எதை எதையோ விடச் சொல்லி வந்தவற்றை நான் அழித்துவிட்டேன்; செத்த செல்லை உயிர்ப்பிக்கிற கைவைத்தியம் எதுவும் கிடையாது, செவிப்பறைக்குக் கேடு வராமல் இருந்தால் போதும். அவற்றில் பலவற்றின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. ஐந்து கைகளாவது மாறி வந்த செய்தி என்பதற்கான அடையாளம் அது; 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டவற்றை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, எல்லாரும் நம் சித்தப்பா, அத்தை, மாமாதான். 2018இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளைப் பார்த்திருக்கிறார்கள்; உண்மையைவிடப் பொய், மறுபகிர்வு ஆவதற்கு 70 விழுக்காடு அதிக வாய்ப்பு இருந்தது, அதைப் பரப்பியதில் இயந்திரக் கணக்குகளைவிட மனிதர்களுக்கே பெரும் பங்கு இருந்தது என்று கண்டார்கள். புதுமையாக ஒன்றைக் கேட்டதும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. நான் செய்வது மிகவும் சின்ன வேலை: தேதி இருக்கிறதா, யார் சொன்னது என்று பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லாததை அடுத்தவருக்கு அனுப்ப மாட்டேன்.

அவற்றில் ஒன்று மட்டும் முழுப் பொய்யில்லை, ஆகவே அதைத் தேடிப் படித்தேன். காது கேட்கும் கருவி போட்டால் ஞாபக மறதி 48 விழுக்காடு குறையும் என்று உன் பெரியம்மா அனுப்பியிருந்தார். 2023இல் லான்செட் இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்த எண் அது. 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் அறிவுத்திறன் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; அவர்களில் ஏற்கெனவே பாதிப்புக்கு அதிக வாய்ப்பு இருந்த ஒரு பகுதியினரிடம்தான் சரிவு 48 விழுக்காடு குறைவாக இருந்தது. இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால்தான் அது செய்தி. ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது இரண்டாவது மட்டுமே தங்குகிறது. அப்பாவிடம் இதை அப்படியே விளக்கினேன். ‘மறதிக்காக வேண்டாம், படைக்கும் தடைக்கும் வித்தியாசம் தெரிவதற்காகப் போட்டுக்கொள்கிறேன்’ என்றார்.

கருவி இரண்டும் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. மெல்லிய கம்பி ஒன்று காதுக்குள் இறங்குகிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி மாட்டியதும் எழுத்துத் தெளிவதைப் போல இது உடனே தெளிவதில்லை. இத்தனை காலம் வராத ஒலிகளை மூளை மறுபடி பிரித்தறியப் பழக வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று சொன்னார்கள். முதல் நாள் செய்தித்தாளைப் பிரித்தவர் துணுக்குற்று நிறுத்திவிட்டார். தாள் புரளும் சரசரப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததாம். முன்பெல்லாம் இப்படிச் சத்தம் போடாது, காகிதத்தை மாற்றிவிட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் மேல் பழி போட்டார். குளிர்பதனப் பெட்டியின் முனகல், என் வளையல், தன் செருப்புச் சத்தம் எல்லாம் அவரைத் தொந்தரவு செய்தன. இப்போது காலையில் மாட்டிக்கொண்டு மாலை வரை வைத்திருக்கிறார். இரவு விவாதம் தொடங்கும்போது மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார், கேட்காமல் பார்த்தால் அவர்கள் பேசுவது நன்றாகப் புரிகிறது என்கிறார்.

தொலைக்காட்சியின் எண் 19க்கு வந்துவிட்டது. செய்தி பார்க்கும் நேரத்தையும் இந்தச் சாக்கில் குறைத்துக்கொண்டோம். காலையில் தாள், இரவில் ஒரு செய்தி அறிக்கை, அவ்வளவுதான். 1930 ஏப்ரல் 18, பெரிய வெள்ளிக்கிழமை இரவு, பிபிசி வானொலியின் அறிவிப்பாளர் ‘செய்தி எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, மிச்ச நேரத்துக்குப் பியானோ இசை போட்டிருக்கிறார்கள். உலகத்தில் அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை; ஆனால் சொல்ல ஒன்றும் கைவசம் இல்லாதபோது வாயை மூடிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. 1980 ஜூன் 1ஆம் தேதி சிஎன்என் 24 மணி நேரச் செய்தியைத் தொடங்கியதிலிருந்து அந்த உரிமை யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. நேரத்தை நிரப்பியாக வேண்டும், நிரப்புவதற்கு ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப விழ வைக்க வேண்டும்.

இதற்காக உன் தம்பியைப் போலச் செய்தியே பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அவன் தனியாள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், செய்தியைச் சில சமயமோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 விழுக்காடு, 2024இல் 39 விழுக்காடு. அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வாக்குப் போடுகிறவன், வரி கட்டுகிறவன், வாடகை வீட்டில் இருக்கிறவன், தனக்கு என்ன சட்டம் வருகிறது என்று தெரியாமல் இருப்பது நிம்மதியாகாது. நீ விடிய விடியப் பார்க்கிறாய், அவன் திரும்பியே பார்ப்பதில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

இனி நீ செய்ய வேண்டியவை. இங்கே ஏதாவது நடந்ததாகப் பார்த்தால் முதலில் இடத்தின் பெயரைப் பார், அது நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார், பிறகும் மனம் கேட்காவிட்டால் அழை, எந்த நேரமானாலும் எடுப்பேன். எங்களுக்கு உண்மையாகவே ஏதாவது என்றால் அது உனக்குத் தொலைக்காட்சி வழியாக வராது, என் வழியாகத்தான் வரும்.

அப்பாவிடம் பேசுவதற்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பு வேண்டாம். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது. அவருக்கு எது கேட்காதோ அதை அதுவும் வெட்டிவிடுகிறது. இணையம் வழியாகக் காணொளியில் அழை, அதில் ஒலியின் வீச்சும் அதிகம், உதட்டையும் பார்க்கலாம். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகம் இருட்டாகிவிடுகிறது. கத்த வேண்டாம்; கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், மெய்யெழுத்து சிதையும். எதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று முதலில் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசு. ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே மூன்று தரம் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல். மாப்பிள்ளையும் நீயும் ஒரே நேரத்தில் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அதற்கு எங்களுக்கு இங்கே தொலைக்காட்சி இருக்கிறது.

குழந்தையைக் காலையில் பேச விடு, அதாவது எங்கள் காலையில். அப்போதுதான் அப்பாவின் காது களைப்பில்லாமல் இருக்கும். மாலையில் கவனித்துக் கேட்டுக் கேட்டு அவர் சோர்ந்துவிடுகிறார். அவள் எதையோ விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும், தான் இத்தனை மாதமாக ‘ஆமாம்’ என்று எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அப்பா சொல்கிறார். முடிந்தால் அந்தப் பட்டியலை நீ முன்கூட்டியே எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
அம்மா